என் அத்தை ஏன் திரும்பி வந்தார்

எங்கள் ஊர் விமான நிலையத்தில், விமானியான என் அத்தைக்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர். வானம் சரியில்லை என்றால் பாதி வழியில் திரும்பிவிடுவார் என்பதால் மூட்டை ஏற்றுபவர்கள் வைத்த பெயர் அது. “ரிவர்ஸ் வந்துட்டாங்க, இன்னைக்கு ஏத்தினதையெல்லாம் திரும்ப இறக்கணும்” என்று அவர் காதில் விழும்படியே பேசிக்கொள்வார்கள். அத்தை கோபப்பட மாட்டார். “மெதுவாவே ஏத்துங்கடா, இறக்கறப்போ இடுப்பு வலிக்காது” என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருப்பார்.

நிலையம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கூரைக் கட்டடம், ஒரு எடை மேடை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், கடலைப் பார்த்து நீளும் ஓர் ஓடுதளம், ஒரே முதலாளியின் இரண்டு சின்ன விமானங்கள். அவை தினமும் எதிரே இருக்கும் தீவுக்குப் போய் வரும். படகில் போனால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். விமானத்தில் அரை மணி நேரம். ஒன்பது பயணிகள் உட்காரலாம். ஓட்டுபவர் ஒருவர்தான். துணை விமானி என்று யாரும் கிடையாது. அந்த இருக்கையிலும் ஒரு பயணியைத்தான் உட்கார வைப்பார்கள். நான் சொல்லப்போகும் நாளில் அத்தைக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார் என்பது முக்கியம், அதனால் இதை முதலிலேயே சொல்கிறேன்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். அப்பாவும் அதே நிலையத்தில்தான் வேலை செய்கிறார். பயணிகளையும் பைகளையும் எடை போட்டு, யார் எந்த இருக்கையில் உட்கார வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. சின்ன விமானத்தில் ஒரு கனமான ஆள் பின்னால் உட்கார்ந்தால்கூட மூக்கு தூக்கிக்கொள்ளும். அத்தையும் முதலில் அந்த எடை மேடைக்குப் பின்னால்தான் நின்றார். நின்றுகொண்டே படித்தார், பறக்கக் கற்றார், உரிமம் வாங்கினார். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து முறிந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. விமானம் ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதிலும் மனசு ஒட்டவில்லை. இந்த வயதில் இன்னொரு நிறுவனம் அவரைக் கூப்பிடாது என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தீவில் வானிலையை அளக்கக் கருவி எதுவும் இல்லை. அங்கே ஓடுதளத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார். கனமான கண்ணாடி போட்டிருப்பதால் அவருக்குச் சோடாபுட்டி என்று பெயர். தூரத்தைப் பார்த்துச் சொல்ல உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று விமானிகள் கேலி செய்வார்கள். ஆனால் அவர் சொல்வதை வைத்துத்தான் போவார்கள். ஓடுதளத்திலிருந்து பார்த்தால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை, அதன் மேல் கலங்கரை விளக்கம், அதற்குப் பின்னால் மலை. விமானம் அந்தக் கலங்கரை விளக்கத்தை ஒட்டித்தான் உள்ளே திரும்ப வேண்டும். கலங்கரை விளக்கம் தெரிந்தால் வரலாம், தெரியாவிட்டால் வரக் கூடாது. பழைய விமானிகள் போட்டு வைத்த கணக்கு இது. எழுத்தில் எங்கும் கிடையாது.

அந்தக் காலையில் வானம் ஒரு மாதிரியாக இருந்தது. அந்த மாதத்தில் அத்தை ஏற்கெனவே இரண்டு தடவை பாதி வழியில் திரும்பியிருந்தார். முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, கான்ட்ராக்டர் வர்றார். பன்னிரண்டு மணிக்குள்ள அங்க டெண்டர் திறக்கறாங்க. இன்னைக்கும் நீ திரும்பிட்டு வந்தா, நாளையிலேருந்து வராத.”

“மேகம் வழி விட்டா போறேன் சார்.”

“மேகத்துக்கு நானா சம்பளம் குடுக்கறேன்?”

உள்ளே கான்ட்ராக்டர் எடை மேடையில் ஏற மறுத்துக்கொண்டிருந்தார். “நான் என்ன மூட்டையா?” என்று அப்பாவிடம் கேட்டார்.

“மூட்டைன்னா கேக்காமலே தூக்கி வெச்சிருப்போம் சார். ஏறுங்க.”

ஏறினார். முள் போன இடத்தைப் பார்த்து, பின்னால் நின்ற ஒரு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவ்வளவு எடைக்கு அவரை முன்னால்தான் உட்கார வைக்க முடியும். அப்படித்தான் அவர் அத்தைக்குப் பக்கத்து இருக்கைக்குப் போனார். டீச்சருக்கு இரண்டாவது வரிசை. பல வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை அவருக்கு. அன்று மதியத்துக்குள் தீவுப் பள்ளியில் போய்ச் சேராவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வானத்தில் நடந்ததை நான் அத்தை சொல்லியும் டீச்சர் சொல்லியும் அறிந்தேன். கான்ட்ராக்டர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததையும் கேட்டேன். ஒரு விஷயத்தைத் தவிர மூன்றும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

பாதிக் கடல் வரை ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மேகம் கீழே இறங்க ஆரம்பித்தது. விமானம் அதற்கு அடியில் போக வேண்டும் என்றால் அதுவும் இறங்க வேண்டும். அத்தை கொஞ்சம் இறங்கினார். மேகம் இன்னும் கொஞ்சம் இறங்கியது. அவரும் இறங்கினார்.

“அப்படித்தான், இன்னும் கீழ விடுங்க, அடியில நல்லா வெளிச்சமாத்தானே இருக்கு” என்றார் கான்ட்ராக்டர்.

இந்த இடத்தைச் சொல்லும்போது அத்தை குரலைத் தாழ்த்திக்கொள்வார். “யாரும் ஒரேயடியா ஆயிரம் அடியை விட்டுக்குடுக்க மாட்டாங்க. நூறு நூறா நீயே எடுத்துக் குடுத்துட்டே இருப்ப. ஒவ்வொரு நூறும் சின்னதாத்தான் தெரியும். நான் அன்னைக்கு மூணு தடவை குடுத்துட்டேன். நாலாவது தடவை கை போறப்போதான் நிறுத்தினேன்.”

ரேடியோவில் தீவைக் கூப்பிட்டார். “லைட்ஹவுஸ் தெரியுதா?”

“தெரியுது கேப்டன். தாராளமா வாங்க” என்றார் சோடாபுட்டி.

அவர் வாயிலிருந்து அத்தை ‘தாராளமா’ என்ற சொல்லை அதுவரை கேட்டதே இல்லை. கிழக்கே ஒரு வட்டம் அடித்தபடி மறுபடி கேட்டார்.

“பாறைக்குக் கீழ படகு ஏதாவது கட்டியிருக்கா?”

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல்.

“படகா. ஒண்ணு நிக்கற மாதிரிதான் இருக்கு.”

“என்ன நிறம்?”

பதில் வரவில்லை. பிறகு வந்தது. “கேப்டன், முதலாளி இங்க போன்ல இருக்கார். உங்களை வரச் சொல்றார்.”

சோடாபுட்டி பொய்யர் இல்லை என்று அத்தை இன்றும் சொல்கிறார். பதினைந்து வருஷமாக அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பவருக்கு, நடுவே ஒரு சுவரைக் கட்டினாலும் அது தெரியுமாம். அது நிற்கும் இடம் அவருக்கு மனப்பாடம். படகு மனப்பாடம் ஆகாது. அது தினமும் இடம் மாறும்.

எரிபொருள் போய்த் திரும்ப மட்டும்தான் இருந்தது. இன்னும் இரண்டு வட்டம் அடித்தால் திரும்பும் வழியும் போய்விடும். பின்பக்கமும் கறுத்துக்கொண்டு வந்தது. அத்தை விமானத்தைத் திருப்பினார்.

கான்ட்ராக்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “என்ன பண்றீங்க? தெரியுதுன்னு அந்த ஆள் சொல்றாரே, காதுல விழலையா?”

“கையை எடுங்க.”

“எனக்கு எவ்வளவு பெரிய வேலைன்னு தெரியுமா உங்களுக்கு?”

“கையை எடுத்துட்டுப் பேசுங்க. ஒத்தக் கையால ஓட்டி உங்களையும் சேத்துத் தண்ணியில போட எனக்கு ஆசை இல்ல.”

பின்னாலிருந்து டீச்சர் அழுகிற குரலில் கத்தினார். “பயமா இருந்தா எதுக்கும்மா இந்த வேலைக்கு வந்தீங்க? எங்க பொழப்பு உங்களுக்கு விளையாட்டா?”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அரை மணி நேரம் அத்தையின் பிடரிக்கு நேராக எட்டு வாய்கள், பக்கத்தில் ஒன்று. அவர் கை நடுங்கியது என்று கான்ட்ராக்டர் சொல்கிறார். நடுங்கவே இல்லை, கல் மாதிரி இருந்தது என்று டீச்சர் சொல்கிறார். அத்தையைக் கேட்டேன். “நடுங்கிச்சு. அதுக்கென்ன இப்போ?” என்றார்.

கீழே முதலாளி ஓடுதளத்துக்கே வந்து நின்றார். பயணிகள் இறங்கும் முன்பே, “சாமானை எடுத்துட்டுக் கிளம்பு” என்றார். பிறகு திரும்பி, “சின்ன கேப்டனைக் கூப்பிடுங்க” என்றார்.

சின்ன கேப்டன் இரண்டாவது விமானத்தை ஓட்டுபவர். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதலாளி அவர் தோளில் கை போட்டு, “ஆம்பளைப் பையன், நீ போயிட்டு வா” என்றார். பயணிகளைத் திரும்ப வரிசையில் நிறுத்தினார்கள். அதே ஒன்பது பேர், அதே பைகள். கான்ட்ராக்டர் இந்தத் தடவை கேட்காமலே எடை மேடையில் ஏறி நின்றார்.

விமானிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. இன்னொரு கேப்டனின் பயணத்தைப் பற்றிப் பயணிகள் எதிரில் வாயைத் திறக்கக் கூடாது. போகிறவர் போகட்டும், போகாதவர் இருக்கட்டும், மேலே யார் உட்கார்ந்திருக்கிறாரோ முடிவு அவருடையது. அத்தை வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அது. அதனால் அவர் விமானிகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சின்ன கேப்டன் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார். ஏதோ கேட்க வந்தவர் போல நின்றார்.

“உன் விமானம்” என்றார் அத்தை. அதற்கு மேல் சொல்லவில்லை.

சின்ன கேப்டன் போனார். முக்கால் மணி நேரம் கழித்துத் தொலைபேசி அடித்தது. அப்பாதான் எடுத்தார். “இறங்கிட்டாங்க” என்று அவர் சொன்னதும் மூட்டை ஏற்றுபவர்கள் கை தட்டினார்கள். அத்தை தன் பையை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவே நடந்து பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார்.

அந்த வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. அம்மா தட்டை வைக்கும் சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பா நேராகவே கேட்டார்.

“அவன் இறங்கினான்லக்கா? அதே மேகம், அதே கடல். அவனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“தெரிஞ்சுதான்னு அவன்கிட்ட கேளு.”

“அங்க என் முகத்துல கரியைப் பூசிட்டு இங்க வந்து எனக்குச் சொல்லித் தர்றியா? நான் நாளைக்கும் அங்கதான் நிக்கணும்.”

கடையில், பேருந்தில், பள்ளிக்கூட வாசலில் எல்லாம் இதே பேச்சு. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்றார்கள். கான்ட்ராக்டருக்கு டெண்டர் கிடைத்துவிட்டது, அதையும் சேர்த்துச் சொன்னார்கள். விமானம் பத்திரமாக இறங்கிவிட்டால், திரும்பி வந்தவர் சொல்வதை யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை என்பதை நான் அந்த வாரம் பார்த்தேன்.

நாலாவது நாள் சாயங்காலம் சின்ன கேப்டன் வந்தார். மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டார். அத்தை மேலே துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“மேடம், நான் அன்னைக்கு லைட்ஹவுஸைப் பாக்கல.”

“தெரியும்.”

“தண்ணிக்கு மேல மரம் உயரத்துலதான் போனேன். பாறை திடீர்னு ரெக்கைக்குப் பக்கத்துல வந்துது. எப்படித் திருப்பினேன்னு இப்பவும் ஞாபகம் வரல. திரும்பினா ரன்வே முன்னாடி இருந்துது.”

“இதை ஏன் என்கிட்ட சொல்ற? முதலாளிகிட்ட சொல்லு.”

“சொன்னேன் மேடம். ‘இறங்கினியா இல்லையா’ன்னு கேட்டார். இறங்கினேன்னு சொன்னேன். ‘அப்புறம் என்ன’ன்னுட்டார்.”

அத்தை துணியைக் கீழே வைத்தார். “அடுத்த தடவை திரும்பிடு.”

“இனிமே எப்படி மேடம் திரும்பறது?” அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே பேசினார். “ஒரு தடவை இறங்கிக் காட்டிட்டேன். ‘அன்னைக்கு இதைவிட மோசமா இருந்துது, போனியே’ன்னு கேப்பாங்க. நீங்க திரும்பினா உங்களைத் திட்டுவாங்க. நான் திரும்பினா சிரிப்பாங்க.”

“அப்போ சிரிக்கட்டும்.”

“உங்களுக்குச் சுலபம்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அது நியாயமில்லாத பேச்சு. ஆனால் அத்தை மீதித் துணியை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

ஒருவரே இரண்டு விமானத்தையும் ஓட்ட முடியாது. ஒருவர் ஒரு நாளில் இவ்வளவு மணி நேரம்தான் பறக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. முதலாளிக்கு வெளியிலிருந்து ஆள் கிடைக்கவில்லை. சனிக்கிழமை அப்பாவிடம் சொல்லி அனுப்பினார். திங்கட்கிழமை காலை கான்ட்ராக்டர் மறுபடி தீவுக்குப் போகிறார். அத்தை வந்து எல்லோர் எதிரிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டால் போதும், பழைய வேலையில் அப்படியே சேர்ந்துகொள்ளலாம்.

அத்தை சண்டை போடுவார் என்று நினைத்தோம். அவர் சீருடையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார். “ரெண்டு வார்த்தைதானே. கேட்டுட்டு ஏறிடறேன்” என்றார். அவர் முகத்தில் அன்று இருந்த ஆசையைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மறுபடி விமானத்தில் ஏற அவர் எதையும் முழுங்கத் தயாராக இருந்தார்.

ஞாயிறு மதியம் டீச்சர் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். படகில் வந்திருந்தார். முகம் வெளுத்து, புடவையெல்லாம் உப்புத் தண்ணீர். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அத்தையைப் பார்த்துப் பேசினார்.

“உங்க மேல எனக்கு இன்னும் கோவம் போகல.”

“வேலையில சேந்துட்டீங்கள்ல? இன்னும் என்ன?”

“திரும்பினதுக்குக் கோவம் இல்ல. அந்தப் பையன் ஓட்டிட்டுப் போனப்போ ஜன்னல் வழியா பாத்தேன். பாறையில ஒட்டியிருந்த சிப்பி தெரிஞ்சுது. சிப்பிங்க. அவ்வளவு பக்கம். போக முடியாதுன்னு உங்களுக்குத் தெரியும். நீங்க திரும்பினப்புறம் எங்களை அதே வரிசையில நிக்க வெச்சு ஏத்தினாங்க. நீங்க அந்த ரூம்ல கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தீங்க. வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?”

“அது எங்க பழக்கம் இல்லம்மா. இன்னொரு கேப்டன் போறதை...”

“உங்க பழக்கத்துல என் பிள்ளைங்க அனாதையாகியிருக்கும்.”

டீச்சர் இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தன் அம்மா வீட்டுக்குப் போகும் பேருந்து எப்போது என்று விசாரித்துக்கொண்டு கிளம்பினார். நன்றி என்றோ வருகிறேன் என்றோ சொல்லவில்லை.

திங்கட்கிழமை மேகம் கடல் மேல் படுத்திருந்தது. அத்தை சீருடையில் போனார். அன்று தீவுக்குப் போவதற்காக ஒன்பது பேர் எடை மேடைக்கு முன்னால் நின்றார்கள். மன்னிப்புக் கேட்டு வேலையில் சேர்ந்தால் அடுத்த பயணம் அத்தைக்கு. இது சின்ன கேப்டனுடையது. கான்ட்ராக்டர் வரிசையின் முன்னால், கையைக் கட்டிக்கொண்டு, கச்சேரி பார்க்க வந்தவர் போல நின்றார். முதலாளி தொண்டையைக் கனைத்தார்.

“சொல்லும்மா.”

அத்தை கான்ட்ராக்டரைப் பார்த்தார். பிறகு அவரைத் தாண்டி மற்றவர்களைப் பார்த்தார். அவர் சொன்னதை அப்பா அப்படியே நினைவில் வைத்திருக்கிறார்.

“தீவுல லைட்ஹவுஸ் தெரியலைன்னா இந்த விமானம் போகக் கூடாது. தெரியுதுன்னு அங்க சொல்வாங்க. நம்பாதீங்க. பாறைக்குக் கீழ என்ன படகு நிக்குது, என்ன நிறம்னு கேக்கச் சொல்லுங்க. பதில் வராம ஏறாதீங்க.”

“நிறுத்து” என்றார் முதலாளி.

“போன வாரம் இவரை ஏத்திட்டுப் போனவங்க லைட்ஹவுஸைப் பாக்காமத்தான் இறங்கினாங்க. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லல.”

“வேலை போச்சுன்னு வயித்தெரிச்சல்ல பேசறா” என்றார் கான்ட்ராக்டர். வரிசையில் இருந்த ஒருவர், “காலங்காத்தால என்னங்க இது, நாங்க ஊர் போய்ச் சேர வேண்டாமா” என்று அத்தை மேல் எரிந்து விழுந்தார். இன்னொருவர் அத்தையை வாயை மூடச் சொன்னார். யாரும் அத்தை பக்கம் பேசவில்லை. ஆனால் எடை மேடையில் ஒரு காலை வைத்திருந்த ஒரு பெண் அந்தக் காலைக் கீழே எடுத்தார். “கேட்டுத்தான் சொல்லுங்களேன், என்ன குறைஞ்சு போச்சு” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். அவர் குரலிலும் எரிச்சல்தான்.

சின்ன கேப்டன் சுவரோரம் நின்றிருந்தார். யாரும் சொல்லாமலே ரேடியோவை எடுத்து, படகைப் பற்றிக் கேட்டார். பதில் எல்லோருக்கும் கேட்டது. சோடாபுட்டி, “அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல கேப்டன், வெள்ளையா இருக்கு” என்றார்.

சின்ன கேப்டன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். “பயணிங்களே கேக்கறாங்க சார். கொஞ்சம் பாத்துட்டுப் போலாம்” என்றார் முதலாளியிடம்.

முதலாளி அவரை ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்து, “உன் அக்காவை வெளிய கொண்டு போய் விடு. இனிமே இந்த வாசல்ல அவ காலை வெச்சா நீயும் அவளோடயே போயிடு” என்றார்.

அப்பா அத்தையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். பேருந்து நிறுத்தம் வரை விடவில்லை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். ரெண்டு வார்த்தை, மன்னிச்சுக்கோங்கன்னு ரெண்டே வார்த்தை, அதைச் சொல்லத் துப்பில்லையா, இனிமே யார் உன்னை விமானத்துல ஏத்துவாங்க, காலம் முழுக்க மாடியில உக்காந்து துணி மடிக்கப் போறியா என்றார். அத்தை அழுதுகொண்டிருந்தார் என்று அப்பா சொல்கிறார்.

பேருந்து வரத் தாமதமானது. அவர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே காற்று திசை மாறியது. கடல் மேல் மேகம் கிழிந்தது. கொஞ்ச நேரத்தில் வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. நிலையத்துக்குள்ளிருந்து கான்ட்ராக்டர் யாரையோ பெயர் சொல்லாமல் திட்டும் சத்தம் சாலை வரை கேட்டது.

“பாரு” என்றார் அப்பா. “ஒரு மணி நேரம். இதுக்குத்தானா? பாருக்கா, வெயில் அடிக்குது.”

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையை நெற்றியில் வைத்து, தீவு இருக்கும் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அடிக்குதுல்ல” என்றார். “இப்போ போகச் சொல்லு.”